ஒத்தவாக்கிய வேதாகமம் ஒன்றும், மேசியாவின் ராஜரீகத்தைத் தொடர்ந்து வாசித்த ஏழு சனிக்கிழமைகளும்

கடந்த லெந்து நாட்களில் (ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில்) எங்கள் வீட்டு மாடியில் நடந்த வேதபாடத்துக்கு ‘மேசியாவின் ராஜரீகம்’ (வாக்குத்தத்தம்பண்ணப்பட்ட மீட்பரின் அரசாட்சி) என்பதைப் பொருளாக எடுத்துக்கொண்டோம். அதற்கென்றே புதிய ஒத்தவாக்கிய வேதாகமம் ஒன்றை, அதாவது ஒரு வசனத்தோடு தொடர்புடைய மற்ற வசனங்களைப் பக்கத்திலேயே சுட்டிக்காட்டும் பதிப்பை, வாங்கினேன். ஏழு சனிக்கிழமைகள் அதைக் கையில் வைத்துக்கொண்டு பாடம் நடத்தியபின், இந்த மதிப்புரையை எழுதுகிறேன். இதே அமைப்பில் வேறு பதிப்புகளும் கடைகளில் கிடைப்பதால் பதிப்பாளரின் பெயரைக் குறிப்பிடவில்லை. எந்தப் பதிப்பை வாங்கப்போகிறவரும், கடையில் நின்றபடியே அதைப் புரட்டி, தமக்குப் பயன்படுமா என்று தாமே சோதித்துக்கொள்ள இது உதவ வேண்டும் என்பது என் விருப்பம்.

புத்தகத்தின் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பழைய திருப்புதலின் (புராட்டஸ்டண்டு சபைகளில் வழங்கும் பழைய தமிழ் மொழிபெயர்ப்பின்) வாக்கியம். பக்கத்துக்கு இரண்டு பத்திகள். அவற்றுக்கு நடுவில் ஒத்தவாக்கியங்களுக்கான குறுகிய பத்தி. பக்கத்தின் அடியில் கோடிட்டுப் பிரிக்கப்பட்ட விளக்கக் குறிப்புகள். பின்னால் அருஞ்சொல் அகராதி, வரைபடங்கள், சில கட்டுரைகள். கறுப்பு ரெக்சின் அட்டை, பொன்விளிம்பு, இரண்டு நாடாக்கள். விலை 1,450 ரூபாய்.

ஒத்தவாக்கிய வேதாகமத்தை எடைபோட நான் கைக்கொள்ளும் வழி ஒன்று உண்டு. அட்டையையோ எழுத்தின் அளவையோ முதலில் பார்ப்பதில்லை. நன்றாகத் தெரிந்த ஒரு வசனத்தைத் திறந்து, அதன் சொற்களுக்கு மேலே அச்சிட்ட பொடி எழுத்துகள் என்னை எங்கெங்கே அனுப்புகின்றன என்று பார்ப்பேன். ஒரே சொல் இரண்டு இடங்களில் வருகிறது என்பதற்காக மட்டும் கோர்க்கப்பட்ட வசனங்கள் வாசிப்பவருக்கு எதையும் திறந்து காட்டுவதில்லை. ஒரு வசனத்தை எழுதியவர் மற்றொரு வசனத்தை மனதில் வைத்து எழுதினார் என்பதை நம் கண்முன் கொண்டுவரும் கோர்வைதான் பணம் கொடுத்து வாங்கத் தக்கது.

இந்தப் பதிப்பில் நான் முதலில் திறந்தது சகரியா 9:9. குருத்தோலை ஞாயிறன்று தமிழ்ச் சபைகளில் பிள்ளைகள்கூட மனப்பாடமாகச் சொல்லும் வசனம் அது: ‘இதோ, உன் ராஜா உன்னிடத்தில் வருகிறார், அவர் நீதியுள்ளவரும் இரட்சிக்கிறவரும் தாழ்மையுள்ளவரும், கழுதையின்மேலும் கழுதைக்குட்டியாகிய மறியின்மேலும் ஏறிவருகிறவருமாயிருக்கிறார்.’ நடுப்பத்தியில் மத்தேயு 21:5, யோவான் 12:15 ஆகியவை இருந்தன. அவற்றை எந்தப் பதிப்பும் தரும். ஆனால் இது அங்கே நிற்காமல், அடுத்த வசனமாகிய 9:10க்கு மேலும் ஓர் எழுத்தை இட்டு, என்னைச் சங்கீதம் 72:8க்கு அனுப்பியது. சகரியா எழுதுகிறார்: ‘அவருடைய ஆளுகை ஒரு சமுத்திரந்தொடங்கி மறு சமுத்திரம்வரைக்கும், நதிதொடங்கி பூமியின் எல்லைகள் பரியந்தமும் செல்லும்.’ சங்கீதமும் ஏறக்குறைய அதே சொற்களில், ‘ஒரு சமுத்திரந்தொடங்கி மறுசமுத்திரம்வரைக்கும், நதிதொடங்கி பூமியின் எல்லைகள்வரைக்கும் அவர் அரசாளுவார்’ என்கிறது. தலைப்பில் சாலொமோனின் பெயரைத் தாங்கிய அரச சங்கீதத்தின் அடியைத் தீர்க்கதரிசி எடுத்து, கழுதையின்மேல் வருகிறவருக்கு உரியதாக்குகிறார். அந்த ஆளுகை பரவும் விதத்தையும் அவர் மாற்றிச் சொல்கிறார். எப்பிராயீமின் இரதங்களும் எருசலேமின் குதிரைகளும் அற்றுப்போகின்றன, யுத்தவில்லும் இல்லாமற்போகிறது, ராஜா ஜாதிகளுக்குச் சமாதானம் கூறுகிறார். எல்லை சாலொமோனுக்குப் பாடப்பட்ட அதே எல்லைதான். சாலொமோனின் படை மட்டும் இல்லை.

‘கழுதை’ என்ற சொல்லுக்கு மேலிருந்த எழுத்து 1 இராஜாக்கள் 1:33ஐக் காட்டியபோது, இந்தப் பதிப்பை வாங்கியது வீண்போகவில்லை என்று உறுதியானேன். அங்கே முதிர்ந்த தாவீது, சாலொமோனைத் தன்னுடைய கோவேறு கழுதையின்மேல் ஏற்றி, எருசலேமை அடுத்த கீகோன் ஊற்றுக்குக் கொண்டுபோய் ராஜாவாக அபிஷேகம்பண்ணும்படி கட்டளையிடுகிறான். அதே அதிகாரத்தின் தொடக்கத்தில், சிங்காசனத்தைத் தானே பற்றிக்கொள்ள நினைத்த தாவீதின் இன்னொரு மகன் அதோனியா, தனக்கு இரதங்களையும் குதிரைவீரரையும் முன்னால் ஓட ஐம்பது சேவகரையும் சம்பாதிக்கிறான். 2 சாமுவேல் 15:1இல் தாவீதின் மற்றொரு மகனாகிய அப்சலோமும் தகப்பனுக்கு எதிராக எழும்புமுன் இரதத்தையும் குதிரைகளையும் ஐம்பது சேவகரையும் சம்பாதித்தான். ஆகையால், மேசியா கழுதையின்மேல் வருகிறார் என்பதை ஏழ்மையின் அடையாளமாக மட்டும் பிரசங்கிப்பது போதாது. தாவீதின் வீட்டில் சிங்காசனத்தைத் தானாகப் பிடித்துக்கொள்ளப் பார்த்தவர்கள் இரதத்தில் வந்தார்கள். சிங்காசனம் யாருக்குக் கொடுக்கப்பட்டதோ அவன் தகப்பனுடைய கோவேறு கழுதையில் வந்தான். உபாகமம் 17:16 ராஜா அநேக குதிரைகளைச் சம்பாதிக்கலாகாது என்று விலக்கியிருந்ததையும், சாலொமோனுக்குப் பின்னாளில் 1,400 இரதங்களும் 12,000 குதிரைவீரரும் இருந்ததாக 1 இராஜாக்கள் 10:26 கணக்குச் சொல்வதையும் இதோடு சேர்த்து வாசித்தால், சகரியா எதை ஒதுக்கிவிட்டு எழுதினார் என்பது தெளிவாகிறது. இந்த வசனங்கள் எல்லாவற்றையும் நடுப்பத்தி எனக்குக் கொடுத்தது. இரண்டாம் சனிக்கிழமையின் பாடம் முழுவதும் இந்த ஒரு பக்கத்திலிருந்தே அமைந்தது.

மத்தேயு 21:5இலும் இதே கவனத்தைக் கண்டேன். ‘சீயோன் குமாரத்திக்குச் சொல்லுங்கள்’ என்னும் சொற்கள் சகரியாவில் இல்லை. அவை ஏசாயா 62:11இலிருந்து வருகின்றன. பதிப்பு இரண்டு ஊற்றுகளையும் தனித்தனி எழுத்துகளால் பிரித்துக் காட்டுகிறது. மத்தேயு தம் மேற்கோளில் ‘நீதியுள்ளவரும் இரட்சிக்கிறவரும்’ என்பதை விட்டுவிட்டு, ‘சாந்தகுணமுள்ளவராய்’ என்பதை மட்டும் வைத்துக்கொண்டிருப்பதை இரண்டு வசனங்களையும் அருகருகே வைத்து வாசித்தபோதுதான் எங்களில் பலர் கவனித்தோம்.

அருஞ்சொல் அகராதியைப் பற்றியும் நன்றாகச் சொல்ல முடியும். வகுப்பில் எட்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு சிறுமி, ‘மறி’ என்றால் என்ன, வழியை மறிப்பதா என்று கேட்டாள். ஆடு, குதிரை முதலியவற்றின் குட்டியைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல் அது என்று அகராதி ஒரே வரியில் சொல்லிவிட்டது. ‘மேசியா’ என்ற சொல்லுக்கு அரைப்பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். எபிரெயுவில் ‘அபிஷேகம்பண்ணப்பட்டவர்’ என்று பொருள்படும் அச்சொல்லைக் கிரேக்கு மொழியில் ‘கிறிஸ்து’ என்கிறார்கள் என்பது யோவான் 1:41ஐக் கொண்டே விளக்கப்பட்டுள்ளது. ஆசாரியரும் ராஜாக்களும் தைலத்தால் அபிஷேகம்பண்ணப்பட்டதையும், தீர்க்கதரிசியாகிய எலிசாவை அபிஷேகம்பண்ணும்படி எலியா கட்டளை பெற்றதையும், இஸ்ரவேலனல்லாத பெர்சிய ராஜாவாகிய கோரேசையும் கர்த்தர் தாம் அபிஷேகம்பண்ணினவர் என்று ஏசாயா 45:1 அழைப்பதையும் பதிவு குறிப்பிடுகிறது. கத்தோலிக்கரும் பிறரும் சேர்ந்து 1995இல் வெளியிட்ட பொது மொழிபெயர்ப்பை வாசிப்பவர்களுக்கு ‘அருள்பொழிவு’ என்னும் சொல் பழக்கம். ‘தேவனுடைய ராஜ்யம்’ அங்கே ‘இறையாட்சி’ ஆகிறது. இந்த இணைச்சொற்களையும் அகராதி அடைப்புக்குறிக்குள் கொடுத்திருப்பதால், எங்கள் வகுப்புக்கு வந்த கத்தோலிக்க நண்பர் ஒருவர் தம் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு தடையில்லாமல் கூடவே வாசிக்க முடிந்தது. ராஜ்யம் என்றவுடன் எல்லைக்கோடுள்ள ஒரு நிலப்பரப்பு நம் மனதில் எழுகிறது. ஆட்சி என்னும்போது ஆளுகிறவரும் அவர் ஆளும் செயலும் எழுகின்றன. சுவிசேஷங்களில் வரும் கிரேக்குச் சொல்லுக்குள் இரண்டும் அடங்கும் என்பதால், எங்கள் பழைய சொல்லை விடாமல் வைத்துக்கொண்டே அவருடைய சொல்லிலிருந்தும் கற்றுக்கொண்டோம்.

சங்கீதம் 110இன் பக்கம் இந்தப் பதிப்பின் சிறந்த பக்கம். ‘கர்த்தர் என் ஆண்டவரை நோக்கி’ என்று தொடங்கும் முதல் வசனத்தைப் போலப் புதிய ஏற்பாடு திரும்பத் திரும்ப எடுத்தாளும் பழைய ஏற்பாட்டு வசனம் வேறில்லை. தாவீது அவரை ஆண்டவர் என்று சொன்னால், அவர் தாவீதுக்குக் குமாரனாவது எப்படி என்று இயேசு எழுப்பிய கேள்வி (மத்தேயு 22), பெந்தெகொஸ்தே நாளில் பேதுருவின் பிரசங்கம் (அப்போஸ்தலர் 2), எபிரெயர் முதலாம் அதிகாரம், 1 கொரிந்தியர் 15:25 என ஒவ்வொன்றும் இடம்பெற்றிருப்பதோடு, எபிரெயர் 10:11-12உம் சேர்க்கப்பட்டிருக்கிறது. அங்கே மற்ற ஆசாரியர்கள் நாடோறும் நின்று பலிசெலுத்துகிறார்கள். இயேசுவோ ஒரே பலியைச் செலுத்தி, தேவனுடைய வலதுபாரிசத்தில் உட்கார்ந்தார். அந்த உட்காருதல் சிங்காசனத்தில் அமர்தலாகவும் இருக்கிறது, ஆசாரிய வேலை முடிந்ததன் அடையாளமாகவும் இருக்கிறது. ராஜாவும் ஆசாரியனுமாயிருந்த மெல்கிசேதேக்கின் முறைமையைச் சொல்லும் நான்காம் வசனத்தையும் முதல் வசனத்தையும் ஒரே ஆளிடத்தில் எபிரெயர் நிருபம் எப்படிச் சேர்க்கிறது என்பதை ஒரு நடுப்பத்தி இவ்வளவு தெளிவாகக் காட்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

2 சாமுவேல் 7இன் பக்கமும் நன்று. தாவீதின் சிங்காசனம் என்றென்றைக்கும் நிலைபெற்றிருக்கும் என்ற வாக்கிலிருந்து லூக்கா 1:32-33க்கு மட்டும் அனுப்பிவிடாமல், சங்கீதம் 89இன் புலம்பலுக்கும் அனுப்புகிறார்கள். கி.மு. 586 வாக்கில் எருசலேம் விழுந்து சிங்காசனம் வெறுமையானபோது அந்த வாக்குத்தத்தம் என்னவாயிற்று என்ற வேதனையைக் கேட்காமல் நேராக மரியாளிடம் வந்த தூதனின் வாழ்த்துக்கு ஓடிவிட்டால், அந்த வாழ்த்தின் கனம் தெரியாது.

இனி அடிக்குறிப்புகளுக்கு வருகிறேன். நடுப்பத்தியைத் தொகுத்தவரும் அடிக்குறிப்பை எழுதியவரும் வேறு வேறு ஆட்களாக இருக்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றுகிறது. முதலாமவர் வேதத்தின் பின்னே பொறுமையாக நடக்கிறார். இரண்டாமவர் முன்னதாகவே முடிவுகட்டிய ஒரு திட்டத்துக்குள் வேதத்தைப் பொருத்துகிறார். ஏசாயா 9, சகரியா 9, யோவான் 18 ஆகிய மூன்று இடங்களிலும் ஒரே கட்டம் திரும்பத் திரும்ப அச்சிடப்பட்டுள்ளது: முதலாம் வருகையில் பாடுபடும் தாசன், இரண்டாம் வருகையில் ஆளும் ராஜா. நினைவில் வைக்க எளிய பாகுபாடுதான். சபையின் நம்பிக்கையில் அதற்கு வேரும் உண்டு. அவர் மகிமையோடு வருவார், அவருடைய ஆளுகை அப்போது யாவருக்கும் வெளிப்படும் என்பதை விசுவாசப்பிரமாணத்தில் வாரந்தோறும் அறிக்கையிடுகிறோம். ஆனால் அந்தக் கட்டத்தை அப்படியே ஏற்றுக்கொண்டால், சுவிசேஷகர்கள் பாடுபட்டே எழுதிய ஒன்று கையைவிட்டுப் போகிறது.

ஐந்தாம் சனிக்கிழமை நான் அந்தக் கட்டத்தை வாசித்து முடித்ததும், எழுபது வயதைத் தாண்டிய பெரியம்மா ஒருவர், ‘அப்படியானால் சிலுவையில் தொங்கினபோது அவர் ராஜா இல்லையா, தம்பி? மேலே பலகையில் ராஜா என்றுதானே எழுதியிருக்கிறது?’ என்று கேட்டார். அதற்கு அடிக்குறிப்பில் பதில் இல்லை. யோவான் சுவிசேஷத்தை மெதுவாக வாசித்தால் பெரியம்மாவின் கேள்வியே பதிலாகிவிடுகிறது. ஆறாம் அதிகாரத்தில், அப்பம் தின்று திருப்தியடைந்த ஜனங்கள் தம்மை ராஜாவாக்கப் பிடித்துக்கொண்டுபோக மனதாயிருக்கிறார்கள் என்று அறிந்து, இயேசு விலகித் தனியே மலைக்குப் போகிறார். பதினெட்டாம் அதிகாரத்தில், கட்டுண்டவராய்ப் பிலாத்துவின்முன் நிற்கையில், தமக்கு ராஜ்யம் உண்டு என்பதை மறுக்காமல் பேசுகிறார். முள்முடி சூட்டப்படுகிறது, சிவப்பான அங்கி உடுத்தப்படுகிறது, சேவகர் ‘யூதருடைய ராஜாவே, வாழ்க’ என்கிறார்கள், பிலாத்து அவரை வெளியே கொண்டுவந்து ஜனங்களுக்குக் காட்டுகிறான், பின்பு எபிரெயு, கிரேக்கு, லத்தீன் என்னும் மூன்று மொழிகளில் பட்டம் எழுதி வைக்கிறான். ஒரு முடிசூட்டு விழாவில் நடக்க வேண்டியவை எல்லாம் பரியாசமாக நடக்கின்றன. பரியாசம் செய்கிறவர்கள் அறியாமல் உண்மையைச் செய்கிறார்கள் என்பதை வாசிப்பவர் காணும்படி யோவான் எழுதுகிறார். ‘நான் பூமியிலிருந்து உயர்த்தப்பட்டிருக்கும்போது, எல்லாரையும் என்னிடத்தில் இழுத்துக்கொள்ளுவேன்’ என்று 12:32இல் சொல்லப்பட்ட உயர்வு, சிலுவையையே குறித்தது என்று அடுத்த வசனம் விளக்குகிறது. ராஜரீகம் சிலுவைக்குப் பின்னால் தள்ளி வைக்கப்படவில்லை.

யோவான் 18:36க்கான குறிப்பு இதைவிடவும் என்னை வருத்தியது. ‘என் ராஜ்யம் இவ்வுலகத்திற்குரியதல்ல’ என்ற சொற்களுக்கு, கிறிஸ்துவின் ராஜ்யத்துக்கும் இவ்வுலகக் காரியங்களுக்கும் தொடர்பில்லை என்று விளக்கம் தந்திருக்கிறார்கள். ஆனால் அந்த வசனத்தின் காரணகாரியம் அந்த வசனத்துக்குள்ளேயே இருக்கிறது: இவ்வுலகத்திற்குரியதானால், ‘என் ஊழியக்காரர் போராடியிருப்பார்களே.’ அந்த ராஜ்யம் எங்கிருந்து வருகிறது, எதைக்கொண்டு நிலைநிற்கிறது என்பதையே இயேசு சொல்கிறார். பட்டயத்தைக்கொண்டு அல்ல என்கிறார். அது இந்த உலகத்தைத் தொடாது என்று அவர் சொல்லவில்லை. சிறுமைப்படுகிறவர்களை நியாயம் விசாரித்து, ஏழையின் பிள்ளைகளை இரட்சிக்கிற ராஜாவுக்காக ஜெபிக்கும் அதே 72ஆம் சங்கீதத்தைத்தான் இவர்களுடைய நடுப்பத்தி எனக்கு முன்பு காட்டியது. மாற்கு 10:42-45இல், புறஜாதியாரின் அதிகாரிகள் ஆளும் விதத்தையும் தம்முடைய சீஷர் நடக்க வேண்டிய விதத்தையும் இயேசு எதிரெதிரே வைத்து, தாம் ஊழியங்கொள்ளும்படி வராமல் ஊழியஞ்செய்யவும் அநேகரை மீட்கும்பொருளாகத் தம்முடைய ஜீவனைக் கொடுக்கவும் வந்ததாகச் சொல்வதையும் இங்கே காட்டியிருக்கலாம், காட்டவில்லை.

இன்னொரு குறிப்பைப் பதிப்பாளர் நீக்கிவிட வேண்டும் என்று விரும்புகிறேன். யூதர்கள் மண்ணுக்குரிய ராஜாவைத் தவறாக எதிர்பார்த்தார்கள் என்று அது ஒரே வாக்கியத்தில் தீர்ப்பு எழுதுகிறது. அந்த எதிர்பார்ப்பு ஏசாயா 11இலும் எரேமியா 23:5இலும் இருந்தே எழுந்தது. பூமியிலே நியாயத்தையும் நீதியையும் நடப்பிக்கும், தாவீதின் வம்சத்தில் எழும்பும் ‘கிளையை’ எதிர்நோக்குவதை வேதமே கற்றுக்கொடுத்தது. இயேசுவில் அது எப்படி நிறைவேறுகிறது என்பதில் கிறிஸ்தவர்கள் யூதரிடமிருந்து வேறுபடுகிறார்கள். அந்த வேறுபாட்டை அவர்களைத் தாழ்த்தாமலே எழுத முடியும்.

வெளிப்படுத்தின விசேஷம் 20இன் ஆயிரவருட அரசாட்சிக்கும் ஒரே ஒரு விளக்கமே தரப்பட்டுள்ளது. சபைகளில் இதைப் பற்றி நெடுங்காலமாகவே வெவ்வேறு புரிதல்கள் உண்டு என்று ஒரு வரி சேர்த்திருந்தால் போதும். ஐந்தாம் அதிகாரத்துக்கான குறிப்பு மட்டும் இவற்றுக்கு விலக்காக நன்றாக இருக்கிறது. யூதா கோத்திரத்துச் சிங்கம் ஜெயங்கொண்டது என்று மூப்பன் சொல்வதை யோவான் கேட்கிறார். ஏறெடுத்துப் பார்க்கும்போது காண்பதோ அடிக்கப்பட்டதாக நிற்கிற ஆட்டுக்குட்டியை. கேட்டதையும் கண்டதையும் பிரிக்காமல் ஒன்றாகப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று அக்குறிப்பு சொல்கிறது. அதை எழுதியவரே மற்ற குறிப்புகளையும் எழுதியிருக்கக் கூடாதா என்று ஏங்கினேன்.

பின்னிணைப்புக் கட்டுரைகளில் ஒன்று கிறிஸ்துவின் ராஜரீகத்தைச் சபை அறிக்கையிட்டு வந்த வரலாற்றை நான்கு பக்கங்களில் தருகிறது. குமாரனின் ராஜ்யம் ஒருநாள் முடிவடையும் என்று 1 கொரிந்தியர் 15ஐ வைத்துப் போதித்த, நான்காம் நூற்றாண்டில் அங்கீராவின் பேராயராயிருந்த மார்கெல்லுவுக்கு மறுப்பாக, 381இல் கான்ஸ்தாந்திநோபிள் சங்கத்தோடு தொடர்புடைய விசுவாசப்பிரமாணத்தில் ‘அவருடைய ராஜ்யத்துக்கு முடிவிராது’ என்ற லூக்காவின் சொற்கள் இடம்பெற்றதை அது எளிதாக விளக்குகிறது. தீர்க்கதரிசி, ஆசாரியர், ராஜா என்னும் மூன்று உத்தியோகங்களைச் சபைச் சீர்திருத்தவாதி கால்வின் விரித்துரைத்ததும், முதலாம் உலகப் போருக்குப் பின் 1925இல் திருத்தந்தை பதினோராம் பயஸ் கிறிஸ்து அரசர் பெருவிழாவை ஏற்படுத்தியதும், முதலில் அக்டோபர் மாதத்தின் கடைசி ஞாயிறன்று கொண்டாடப்பட்ட அது 1969இன் சீர்திருத்தத்தில் திருவழிபாட்டு ஆண்டின் கடைசி ஞாயிறுக்கு மாற்றப்பட்டதும் இடம்பெற்றுள்ளன. புராட்டஸ்டண்டுகளுக்காக அச்சிடப்பட்ட புத்தகத்தில் இதைக் கண்டது எனக்கு மகிழ்ச்சி.

அச்சும் கட்டும் பற்றிச் சில சொற்கள். தாள் மிக மெல்லியது. விளக்கொளியில் மறுபக்கத்து எழுத்து தெரிகிறது. நடுப்பத்தியின் எழுத்து ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்குக் கண்ணாடியோடும் சிரமம். மூன்றாம் வாரத்தில் ஆதியாகமத்தின் முதல் மடிப்பு தையல்விட்டு வந்துவிட்டது. கடைக்காரர் மறுபேச்சில்லாமல் வேறு பிரதி கொடுத்தார், அது இதுவரை உறுதியாக இருக்கிறது. வாங்குகிறவர்கள் முதல் மடிப்பையும் கடைசி மடிப்பையும் கடையிலேயே விரித்துப் பார்த்து வாங்குவது நல்லது.

வேதபாடம் நடத்துகிறவர்களுக்கும் ஓய்வுநாள் பாடசாலை ஆசிரியர்களுக்கும் இந்தப் பதிப்பை மனதார சிபாரிசு செய்கிறேன். நடுப்பத்தி ஒன்றுக்காகவே அந்த விலை தகும். அடிக்குறிப்புகளை முதல் வாசிப்பில் ஓர் அட்டையால் மறைத்துக்கொண்டு, வசனத்தையும் அதன் ஒத்தவாக்கியங்களையும் முழுக்க வாசித்தபின் திறந்து பார்க்கும்படி என் வகுப்பாருக்குச் சொல்லியிருக்கிறேன். புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர் கையில், உடன் வாசிக்க ஒருவர் இல்லாமல், இதைக் கொடுக்க எனக்குத் தயக்கம் உண்டு.

நடுப்பத்தியிலும் ஓர் இடம் வெறுமையாக இருக்கிறது. யோவான் 19:15இல் பிரதான ஆசாரியர்கள், ‘இராயனேயல்லாமல் எங்களுக்கு வேறே ராஜா இல்லை’ என்கிறார்கள் (இராயன் என்பது ரோமப் பேரரசன்). அந்தச் சொற்களுக்கு மேல் எந்த எழுத்தும் இல்லை. ‘நான் அவர்களை ஆளாதபடிக்கு, என்னைத்தான் தள்ளினார்கள்’ என்று சாமுவேலிடம் கர்த்தர் சொன்ன 1 சாமுவேல் 8:7உம், ‘கர்த்தரே உங்களை ஆளுவாராக’ என்று கிதியோன் சொன்ன நியாயாதிபதிகள் 8:23உம் அங்கே வர வேண்டியவை. இரண்டையும் என் பிரதியில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன். அடுத்த அச்சில் சேர்க்கும்படி பதிப்பாளருக்குக் கடிதமும் அனுப்பியிருக்கிறேன்.